நிலவுக்குப் போய்வந்த இறுதித் தேர்வு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வரங்கில் கவிதையைப் பற்றியே பேசப்படுவது மரபு. இன்று எடுத்துக்கொள்ளப்பெற்றுள்ள பொருள் அம்மரபிலிருந்து சற்று விலகியது போலத் தோன்றலாம். ஒரு மாணவர் தம் முதுநிலைப் படிப்பின் இறுதிப் பணியாக ஓர் அசைவூட்டப் படத்தைத் தொடங்கி, அதனை எவ்வாறு முடித்தார் என்பதே அப்பொருள். தொடங்கியது 1982. முடித்தது 1989. படத்தின் நீளம் 23 நிமிடம். பாதியில் நிற்கும் காவியமும், முன்னுரையோடு நின்ற தொகுப்பும், ‘அடுத்த கூட்டத்துக்குள் முடித்துவிடுவேன்’ என்ற உறுதிமொழியும் எந்த இலக்கிய வட்டத்திலும் அரியன அல்ல. ஆகையால் இப்பொருள் இந்த அவைக்கு அவ்வளவு அயலானதும் அன்று.

அம்மாணவரின் பெயர் நிக் பார்க். இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள ப்ரெஸ்டன் என்னும் ஊரில் 1958 டிசம்பரில் பிறந்தவர். தந்தையார் நிழற்படக் கலைஞர்; தாயார் தையற்கலையில் வல்லவர். கையால் எதையேனும் செய்துகொண்டே இருக்கும் குடும்பம் அது. விடுமுறைப் பயணத்திற்கென்று தந்தையார் ஒரு வண்டி வீட்டைத் தாமே கட்டினாராம். அதன் உட்சுவருக்கு வீட்டுக் கூடத்தைப் போலவே பூப்போட்ட தாள் ஒட்டி, மேசை நாற்காலிகளையும் பொருத்தினாராம். பின்னாளில் மகன் செய்த படத்தில் நிலவுக்குச் செல்லும் ராக்கெட்டின் உள்ளே சுவர்த்தாளும் சாய்வு நாற்காலியும் இருப்பதைக் கண்டு வியப்போர், அந்த வண்டி வீட்டை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். கற்பனை வானத்திலிருந்து இறங்குவதில்லை. பெரும்பாலும் வீட்டுப் பின்கட்டிலிருந்தே வருகிறது.

பதின்மூன்று வயதளவில் தாயாரின் சிறு படப்பிடிப்புக் கருவியைக் கொண்டு, பொம்மைகளையும் வெட்டிய துணிகளையும் அசையச் செய்து படம் எடுக்கத் தொடங்கினார் பார்க். பள்ளிப் பருவத்தில் எடுத்த ஒரு படம் 1975இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. ஷெஃபீல்டு நகரத்துப் பாலிடெக்னிக்கில் 1980இல் பட்டம் பெற்று, பீக்கன்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் உள்ள தேசியத் திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். பழைய திரைப்படத் தளம் ஒன்றில் 1971இல் நிறுவப்பெற்ற பள்ளி அது. முதலாம் பட்டம் முடித்தவர்கள் மேற்படிப்பாகத் திரைக்கலையைப் பயிலும் இடம். இன்று அங்கே முதுகலைப் பட்டமே வழங்கப்படுகிறது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முழுப் படத்தை உருவாக்கி முடித்தல் அங்குப் படிப்பின் சிகரமாகக் கருதப்படும்.

பார்க் தேர்ந்துகொண்ட கதை, கேட்பதற்கு மிக எளியது. வாலஸ் என்னும் நடுவயது மனிதர். பாலாடைக் கட்டி என்றால் உயிர். அவருடன் வாழ்வது கிராமிட் என்னும் நாய். விடுமுறை நாளொன்றில் வீட்டில் பாலாடைக் கட்டி தீர்ந்துபோகிறது. கடைகளும் அடைப்பு. நிலவு முழுவதும் பாலாடைக் கட்டியால் ஆனது என்பது இங்கிலாந்தில் குழந்தைகளும் அறிந்த பழங்கதை. ஆகவே அடித்தளத்து அறையில் ஒரு ராக்கெட்டைக் கட்டி, இருவரும் நிலவுக்கே சிற்றுலா செல்கின்றனர். ‘இனிய ஒருநாள் உலா’ என்று பொருள்படும் ‘எ கிராண்ட் டே அவுட்’ என்பது படத்தின் பெயர்.

கதை எளிது, அதனைச் செய்யும் முறை எளிதன்று. பிளாஸ்டிசின் என்பது உலர்ந்து இறுகாத ஒருவகைச் செயற்கைக் களிமண். இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியரான வில்லியம் ஹார்பட் என்பவர் தம் மாணவர்க்காக 1897இல் உருவாக்கியது. அதனைக் கொண்டு உருவத்தைச் செய்து, உள்ளே கம்பியாலோ உலோகத்தாலோ எலும்புக்கூடு அமைத்து, சிறு அரங்கில் நிறுத்தி, ஒரு சட்டம் படம் எடுக்க வேண்டும். பின் கையை ஒரு மயிரிழை நகர்த்தி அடுத்த சட்டம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டம் ஓடுவது. 23 நிமிடத்திற்கு 33,120 சட்டங்கள். ஒரு நிலையை இரு சட்டங்களுக்கு வைத்துக்கொள்வது இக்கலையில் வழக்கமான சிக்கனம். அவ்வாறு வைத்தாலும் 16,560 முறை உருவங்களைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும். ஏழாண்டுகளுக்கு இதனைப் பகிர்ந்து பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை நொடிப் படம் ஆகிறது. ஒரு முறை இமைக்கும் நேரத்தை விடச் சிறிது கூடுதல், அவ்வளவே.

இக்கணக்கு உழைப்பின் அளவைச் சொல்லுமேயன்றி அதன் தன்மையைச் சொல்லாது. விளக்குகளின் வெப்பத்தில் களிமண் இளகும். வெள்ளைக் காதில் கைவிரலின் அழுக்கு படியும். மேசை ஓரத்தில் முழங்கை பட்டால் அரங்கே அரைக்கால் அங்குலம் அசைந்துவிடும். காலையிலிருந்து எடுத்த காட்சி வீணாகும். எடுத்ததை உடனே திரையில் ஓட்டிப் பார்க்கும் இன்றைய கணிப்பொறி வசதி, படச்சுருளில் வேலை செய்த அந்நாள் மாணவர்க்குக் கிடையாது. சுருள் ஆய்வகம் சென்று கழுவப்பெற்றுத் திரும்பும் வரை, தான் எடுத்தது அசைகிறதா, துடிக்கிறதா, சும்மா நடுங்குகிறதா என்பது எடுத்தவருக்கே தெரியாது. எழுதிய அடியை வாசித்துப் பார்க்கச் சில நாள் காத்திருக்க வேண்டும் என்று கவிஞர் ஒருவருக்கு விதித்தால் அவர் எவ்வாறு எழுதுவார் என்று எண்ணிப் பார்க்கலாம். சிலர் எழுதுவதையே விட்டுவிடுவர். சிலர் ஒருவேளை நன்றாக எழுதவும் கூடும்.

பார்க்கின் முதல் திரைக்கதை பெரிது. நாற்பது நிமிடப் படமாகத் திட்டமிடப்பட்டது அது. நிலவில் ஒரு துரித உணவகமும், பல்வேறு வினோத உயிரினங்களும், அக்காலத்து விண்வெளிப் படங்களைப் பகடி செய்யும் காட்சிகளும் அதில் இடம்பெற்றிருந்தன. உடன் எழுதியவர் ஸ்டீவ் ரஷ்டன். எழுத்தில் நிலவு மலிவானது. ஒரு வரியில் நகரத்தையே எழுப்பிவிடலாம். அவ்வரியைக் களிமண்ணில் எழுப்ப முனைந்தபோதுதான் நிலைமை தெரிந்தது. திரைக்கதையின் முதல் பக்கத்தை மட்டும் படமாக்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. அக்கணக்கில் சென்றால் மாணவர் ஓய்வூதிய வயதில்தான் நிலவில் இறங்கியிருப்பார்.

இங்கேதான் இப்பேச்சின் உயிர்நிலை உள்ளது. இத்தகைய கட்டத்தில் மாணவர் முன் வழக்கமாக மூன்று வழிகள் தோன்றும். கைவிட்டுவிட்டு வேறொரு சிறு படத்தை விரைவில் எடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம். முழுத் திட்டத்தையும் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு காலவரையின்றிக் கிடக்கலாம். அல்லது வெட்டலாம். வெட்டுதல் என்பது சொல்லளவில் எளிது. நீண்ட பாட்டிலிருந்து தமக்கு மிகவும் பிடித்த பகுதியை நீக்கிய அனுபவம் உள்ளவர்கள் இவ்வவையில் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு விளக்கம் வேண்டா. உணவகம் போயிற்று, உயிரினங்கள் போயின, பகடிகள் போயின. நிலவில் எஞ்சியது ஒரே ஒரு பாத்திரம்: காசு போட்டால் இயங்கும் ஓர் அடுப்பு.

அந்த அடுப்பைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். அதற்கு முகம் கிடையாது. சக்கரமும் இரு கைகளும் உண்டு. யாரோ என்றோ விட்டுச் சென்ற நிலவைத் தன்னந்தனியே காவல் காத்துக்கொண்டிருக்கிறது. வாலஸ் பத்துப் பென்னி நாணயம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, எதுவும் நிகழாதது கண்டு அப்பால் சென்றுவிடுகிறார். பிறகே அது விழித்தெழுகிறது. விருந்தினர் வெட்டிய பாலாடைத் துண்டினால் நிலவுக்கு நேர்ந்த குறையை ஒட்டிச் சரிசெய்கிறது. அனுமதியின்றி நிறுத்திய ராக்கெட்டுக்கு அபராதச் சீட்டு எழுதி ஒட்டுகிறது. அவர்களுடைய ஒரு பயண இதழையும் புரட்டுகிறது. பனிமலைச் சரிவில் சறுக்கி விளையாடும் மனிதர்களின் படம் அதில் இருக்கிறது. அந்தக் கணம் முதல் அந்தத் தகரப் பெட்டிக்கு ஓர் ஆசை பிறந்துவிடுகிறது. பூமிக்குச் செல்ல வேண்டும், பனியில் சறுக்க வேண்டும். முகமில்லாத ஒரு பெட்டியின் ஏக்கம், நாற்பது நிமிடத்துப் பட்டாளத்தின் இடத்தை நிரப்பிவிடுகிறது. முதல் திட்டத்தின்படி படம் முடிந்திருந்தால் இந்த அடுப்பு கூட்டத்தில் ஒருவராகக் காணாமற் போயிருக்கும் என்றே தோன்றுகிறது.

வெட்டும் முடிவு தனியே வந்துவிடவில்லை. அதற்கு வேறொரு கை தேவைப்பட்டது. பீட்டர் லார்ட், டேவிட் ஸ்பிராக்ஸ்டன் என்னும் பள்ளித் தோழர் இருவர் 1972இல் தொடங்கிய ஆர்ட்மன் என்னும் படக்கூடம், 1976 முதல் பிரிஸ்டல் நகரில் இயங்கி வந்தது. குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வந்த மார்ஃப் என்னும் களிமண் உருவத்தால் அவர்கள் பெயர் பெற்றிருந்தனர். திரைப்படப் பள்ளிக்கு வந்துபோன அவ்விருவரும் பார்க்கின் பணியைக் கண்டனர். காலமும் பணமும் தீர்ந்து நின்ற மாணவரிடம் அவர்கள் வைத்த யோசனை இது: பிரிஸ்டலுக்கு வந்து கூடத்தின் பணிகளில் பங்குகொள்ளலாம், இறுதிப்படத்தையும் அங்கேயே வைத்து முடித்துக்கொள்ளலாம். 1985இல் பார்க் தம் அரைகுறை நிலவுடன் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார்.

இவ்வேற்பாட்டில் ஓர் ஆபத்து இருந்தது. ஊதியம் வரும் வேலை, ஊதியம் வராத வேலையை மெல்ல விழுங்கிவிடும். நாளிதழ்ப் பணிக்குச் சென்ற கவிஞர்களின் வரலாறு இதற்குச் சான்று. பார்க்குக்கும் வேலைக்குக் குறைவில்லை. பீட்டர் கேப்ரியல் என்னும் பாடகரின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாடலுக்கான புகழ்பெற்ற 1986ஆம் ஆண்டுப் படத்தில் ஆடும் கோழிகளை அசைவித்தவர் அவரே. தோலுரித்துச் சமையலுக்கு ஆயத்தமாக்கிய கோழிகள் அவை. விளக்கொளியில் அவற்றின் நிலை என்னவாயிருக்கும் என்பதை விவரிப்பது இவ்வவைக்கு ஏற்றதன்று. விளம்பரங்களும் தொலைக்காட்சிப் பணிகளும் தொடர்ந்தன. இடையிடையே நிலவு.

ஆயினும் இழப்பென்று தோன்றியதே பயிற்சியும் ஆயிற்று. கூலிக்குச் செய்த வேலையில் கற்ற நுணுக்கம் இறுதிப்படத்துக்குள் வந்து சேர்ந்தது. படத்தை ஊன்றிப் பார்ப்பவர் இதனைக் கண்கூடாகக் காணலாம். முற்பகுதியில் அசைவு சற்று முரடாக இருக்கும். உருவங்களின் வடிவமும் காட்சிக்குக் காட்சி சிறிது மாறும். பிற்பகுதியில் கை தேர்ந்துவிட்டது தெரியும். ஒரே விடுமுறை நாளில் நிகழும் கதைக்குள் ஒரு கலைஞரின் ஏழாண்டு வளர்ச்சி பதிந்து கிடக்கிறது. முன்னே எடுத்தவற்றைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும் என்ற சபலம் எழாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் முற்பகுதி அப்படியே நிற்கிறது, விரலடையாளங்களோடு. அதனைத் திருத்தாமல் விட்டது இப்படத்திற்கு நேர்ந்த நற்பேறு. இருபது வயதில் எழுதியதை நாற்பது வயதில் திருத்தி, இரண்டு வயதையும் கெடுத்துக்கொண்ட தொகுப்புகளை நூலகங்களில் காணலாம்.

கிராமிட்டின் கதை தனியே சொல்லத்தக்கது. முதலில் அது பூனையாக எண்ணப்பட்டது. களிமண்ணில் நாயின் பருத்த உடலைப் பிடிப்பது எளிது என்பதால் நாயாயிற்று. மின்பணியாளரான தம்பி அல்லது தமையன் ஒருவர் வேலையில் அடிக்கடி சொல்லிய ரப்பர் வளையத்தின் பெயரே நாய்க்கும் பெயராயிற்று. அது பேசுவதாகவே முதல் திட்டம். வாயும் உண்டு, குரலும் உண்டு. ஆனால் படமாக்கத் தொடங்கிய ஆரம்பக் காட்சி ஒன்றில், ராக்கெட் கட்டும் வாலஸ் ஒரு கதவை அறுக்கிறார். அக்கதவைத் தாங்கும் முட்டுக்கட்டையாக நிற்பது கிராமிட். மேலே கதவு, சுற்றிலும் அரங்கப் பொருள்கள். உடலையும் வாயையும் அசைக்கக் கைவிட வழியில்லை. எட்டியது புருவமும் கண்ணும் காதும் மட்டுமே. வேறு வழியின்றி அவற்றை மட்டும் சிறிது நகர்த்திப் படமெடுத்தார் பார்க். சுருள் கழுவி வந்தபோது, திரையில் ஒரு முழு மனம் தெரிந்தது. எசமானரின் கிறுக்கைப் பொறுத்துக்கொள்ளும் சலிப்பு, அன்பு, தனக்கு நேர்ந்த இழிவைப் பற்றிய உள்ளடங்கிய கண்டனம், எல்லாம் அந்தக் களிமண் புருவத்தில் இருந்தன. நாய்க்கு வாய் தேவையில்லை என்று அன்றே முடிவாயிற்று. எழுதி வைத்திருந்த பேச்செல்லாம் கழிந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வகுத்தார். உள்ளத்து நிகழ்வது உடம்பின் வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு எனப்படும். புலவர்க்கும் கூத்தர்க்கும் பொதுவான அவ்விலக்கணத்தை, அதனை அறிந்திராத ஓர் ஆங்கில மாணவர் முட்டுக்கட்டையாக நின்ற நாயின் புருவத்தில் கண்டெடுத்தார். எட்டில் ஏழினையாவது கிராமிட்டின் நெற்றியில் காணலாம். வெகுளி மட்டும் சற்று அரிது. பொறுமையே அதன் இயல்பு. சொல்லைக் குறைத்தால் பொருள் கூடும் என்று அரங்குகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை பல நேரங்களில் வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது. பார்க் அதனைக் கொள்கையாகத் தொடங்கவில்லை. கை நுழையாத இடத்தில் நின்று, முடிந்ததைச் செய்தபோது அது அவருக்கு வாய்த்தது.

வாலஸின் முகம் வேறு வழியில் பிறந்தது. அவருக்குக் குரல் கொடுத்தவர் பீட்டர் சாலிஸ். 1921இல் பிறந்த தேர்ந்த நாடக நடிகர்; பி.பி.சி.யில் நெடுங்காலம் ஓடிய ஒரு நகைச்சுவைத் தொடரால் வீடுதோறும் அறியப்பட்டவர். பெயரில்லா மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டதற்கு இசைந்தார். கட்டணம் ஐம்பது பவுன். அதுவும் அவர் விரும்பிய அறப்பணிக்குச் செல்வதாக ஏற்பாடு. எண்பதுகளின் தொடக்கத்திலேயே குரல் பதிவாகிவிட்டது. லண்டன் பக்கத்தில் பிறந்த சாலிஸ், வடநாட்டு உச்சரிப்பை மேற்கொண்டு, பாலாடைக் கட்டியைக் குறிக்கும் ‘சீஸ்’ என்ற சொல்லை ஈகாரம் நீளச் சொன்னார். அந்த ஒலிக்கு வாய் காதுவரை விரிய வேண்டும். விரிந்தால் கன்னம் இருபுறமும் புடைக்க வேண்டும். அதுவரை ஒடுங்கியிருந்த வாலஸின் முகம் அவ்வொரு சொல்லுக்காக அகன்றது. உலகம் முழுவதும் இன்று குழந்தைகள் அடையாளங்காணும் அந்தப் பல்வரிசைச் சிரிப்பு, ஓர் உயிரெழுத்தின் நீட்சியால் வந்தது. அளபெடையின் ஆற்றலை அறிந்த அவை இதனைக் கேட்டுப் புன்னகைப்பது இயல்பே.

குரலைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய நடிகர், படத்தைப் பற்றி ஆறாண்டுகள் அளவில் ஒன்றும் கேள்விப்படவில்லை. மாணவர் முயற்சிகள் பெரும்பாலும் எவ்வாறு முடியும் என்பதை அறிந்தவராதலால் அவர் மறந்தே போயிருந்தார். படம் முடிந்துவிட்டது என்று ஒருநாள் பார்க் தொலைபேசியில் தெரிவித்தபோது அவர் அடைந்த வியப்பைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

படத்துக்கு இசையமைத்த ஜூலியன் நாட் என்பவரும் அதே திரைப்படப் பள்ளி மாணவரே. பித்தளை வாத்தியக் குழுவின் கம்பீரத்தைச் சமையலறைக் கதைக்குச் சூட்டிய அவருடைய இசையின்றி, அவ்விருவரையும் இன்று நினைத்துப் பார்த்தல் அரிது. கல்விக்கூடத்து நட்பு கலைக்குச் செய்யும் தொண்டுக்கு இது ஒரு சான்று.

1989 நவம்பரில் பிரிஸ்டல் நகரத்து ஆர்னால்ஃபினி கலைக்கூடத்தில், அந்நகரின் அசைவூட்டப் பட விழாவில், படம் அரங்கேறியது. 1990ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் முன்னாளில் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பிரிட்டனின் பாஃப்டா விருது சிறந்த அசைவூட்டப் படத்துக்காக இதற்குக் கிட்டியது. அடுத்து நிகழ்ந்ததுதான் வேடிக்கை. நிலவுப் படம் ஏழாண்டு இழுத்துக்கொண்டிருந்த வேளையில், 1989இல், ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ என்னும் ஐந்து நிமிடப் படத்தையும் பார்க் ஆர்ட்மன் கூடத்துக்காக எடுத்து முடித்திருந்தார். சாதாரண மக்கள் தம் வீடுகளைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பேசிய உண்மைப் பேட்டிகளை, விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட விலங்குகளின் வாயில் வைத்த படம் அது. 1991 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கான போட்டியில் இருந்தவை மூன்றே படங்கள். ஒன்று இத்தாலியின் புரூனோ போஸெட்டோவினுடையது. மற்ற இரண்டும் பார்க்கினுடையவை. விருது ஐந்து நிமிடப் படத்துக்குப் போயிற்று. ஏழாண்டு உழைப்பு சில மாத உழைப்பிடம் தோற்றது. தோற்கடித்தவரும் தோற்றவரும் ஒருவரே. சிறு பாடல் பெருங்காப்பியத்தை வெல்லும் வழக்கு இலக்கியத்தில் மட்டும் இல்லை போலும். ஆயினும் அந்தச் சிறு படத்தின் விலங்குகளுக்குக் கண்ணையும் புருவத்தையும் கொடுத்த கை, கதவுக்கு அடியில் நின்ற நாயிடம் பயின்ற கை என்பதை மறத்தலாகாது.

முடிக்காமல் விட்டவர்களையும் இங்கே நினைத்தல் வேண்டும். அவர்கள் குறைந்தவர்கள் என்று கருத இடமில்லை. ருஷ்ய மேதையான யூரி நோர்ஷ்டைன், கோகோலின் ‘மேலங்கி’ கதையை 1981இல் அசைவூட்டப் படமாக எடுக்கத் தொடங்கினார். நாற்பதாண்டுகள் கடந்தும் அது முற்றுப்பெறவில்லை. வெளியில் காட்டிய பகுதிகளைக் கண்டவர்கள் அவற்றின் நுட்பத்தைப் போற்றுகின்றனர். ரிச்சர்டு வில்லியம்ஸ் 1964இல் தொடங்கிய ‘திருடனும் செருப்புத் தைப்பவனும்’ என்னும் படம், ஏறக்குறைய முப்பதாண்டு உழைப்புக்குப் பின், 1992இல் அவர் கையிலிருந்தே பறிக்கப்பட்டது; மற்றவர்கள் வெட்டி ஒட்டி 1993இல் வெளியிட்டனர். வெட்டத் தயங்கியவருக்காகப் பிறர் வெட்டினர். 2019இல் மறையும் வரை அவ்வடு அவருக்கு ஆறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. முழுமையை நாடும் வெறி மேதைமையின் ஒரு கூறுதான். அதே வெறி, படத்தைப் பார்வையாளரிடமிருந்து காத்துவைக்கும் பூட்டாகவும் ஆகிவிடுகிறது. பார்க்கிடம் அவ்வெறி குறைவாக இருந்தது என்று எவரும் சொல்லார். அவருக்கு வாய்த்தவை, ஒரு மாணவருக்குரிய வறுமையும், தோள்கொடுத்த இரு மூத்தவர்களும், ‘இந்த அடுப்பு போதும்’ என்று தம் நிலவிடம் சொல்லும் துணிவும்.

பிறகு வந்த வெற்றிகள் பலரும் அறிந்தவையாதலின் விரைந்து கடக்கலாம். 1993இல் வந்த ‘தி ராங் டிரவுசர்ஸ்’, 1995இல் வந்த ‘எ குளோஸ் ஷேவ்’ ஆகிய இரண்டும் ஆஸ்கர் பெற்றன. 2005இல் இதே இருவரைக் கொண்டு வந்த முழுநீளப் படமும் பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில், அம்முழுநீளப் படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, பிரிஸ்டலில் ஆர்ட்மன் கிடங்கு தீப்பிடித்து, பழைய படங்களின் அரங்குகளும் உருவங்களும் பெரும்பாலும் அழிந்தன. தெற்காசியாவில் நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அத்துயரத்தின் முன் இது பெரிதன்று என்ற பொருள்படப் பார்க் கருத்துரைத்தார். படச்சுருளில் இருந்தது மட்டும் எஞ்சியது. முடிக்கப்பெறாமல் உருவங்களாகவே கிடங்கில் கிடந்த படம் ஏதேனும் இருந்திருப்பின், அன்று அதன் கதை என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நிலவுப் படத்தின் இறுதிக் காட்சியையும் சொல்லிவிடல் வேண்டும். பூமிக்கு வர விரும்பிய அடுப்பு ராக்கெட்டுக்குள் நுழைந்து, இருட்டில் தீக்குச்சி உரசி, வெடிப்பில் வெளியே தூக்கி எறியப்படுகிறது. ராக்கெட் அதனை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது. கையில் எஞ்சியவை ராக்கெட்டிலிருந்து பிய்ந்த இரண்டு தகரப் பட்டைகள். சிறிது நேரம் சோர்ந்து நின்ற அது, அப்பட்டைகளை வளைத்துக் காலில் பூட்டிக்கொண்டு, பாலாடை மலைகளின் சரிவில் சறுக்கத் தொடங்குகிறது. வானத்தில் செல்பவர்களுக்குக் கையசைக்கிறது. முகமே இல்லாத அப்பெட்டியின் உவகை திரை முழுவதும் நிறைகிறது. நாற்பது நிமிடப் படத்தைக் கனவு கண்டு, கையில் கிடைத்த இருபத்து மூன்று நிமிடத்தைக் காலில் பூட்டிக்கொண்ட மாணவரே அவ்வடுப்பு என்று விளக்கம் சொல்ல ஆசை எழும். பார்க் அவ்வாறு எங்கும் சொல்லவில்லை. ஆகவே அதனை அவை தன் விருப்பம்போலக் கொள்ளலாம்.

சாலிஸ் முதுமையுறும் வரை வாலஸுக்குக் குரல் கொடுத்துவந்தார். 2017 ஜூன் மாதம், தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். 2024இல் வந்த ‘வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்’ என்னும் படத்தில் பென் வைட்ஹெட் என்பவர் அப்பொறுப்பை ஏற்றார். அந்த நீண்ட ஈகாரத்தை அவரும் பயில வேண்டியிருந்தது. கிராமிட்டுக்கு மட்டும் இன்றுவரை குரல் தேடும் தேவை எவருக்கும் எழவில்லை.